விளையாட்டுத் திடலும் வேலைத்தலம்தான்

1993 மார்ச் 22, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்ற சிற்றூர். பிளிமத் நகரத்துப் பள்ளியொன்றின் 8 மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியரும், உள்ளூர் சாகசப் பயிற்சி மையத்தின் 2 பயிற்றுநர்களும் கயாக் படகுகளில் கடலில் இறங்கினார்கள். கரையை ஒட்டியே துடுப்புப் போட்டு அடுத்த ஊரான சார்மத்துக்குப் போய்ச் சேர்வது திட்டம். தூரம் சுமார் 3 கிலோமீட்டர். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்பது கணக்கு.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஆசிரியரின் படகு கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவரோடு தங்கிவிட்டார். இன்னொருவர் 8 மாணவர்களையும் பக்கத்துப் படகைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரு தெப்பம்போல் சேர்த்து நிறுத்தினார். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. தெப்பம் மெல்ல மெல்ல ஆழத்துக்குப் போனது. அலை உயர்ந்தது, படகுகளுக்குள் தண்ணீர் ஏறியது, ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. மார்ச் மாதத்து ஆங்கிலக் கால்வாய் எப்படிச் சில்லிட்டுக் கிடக்கும் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மதியமே வந்திருக்க வேண்டியவர்கள் இன்னும் வரவில்லை என்ற செய்தி கடலோரக் காவல்படைக்குப் போனபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. மாலையில் அவர்களைத் தூக்கியெடுத்தார்கள். 4 மாணவர்கள் பிழைக்கவில்லை.

பிறகு விசாரணையில் ஒவ்வொன்றாக வெளிவந்தது. உதவிக்குச் சைகை காட்ட அவர்களிடம் தீச்சுடர்க் குப்பிகள் இல்லை. படகுக்குள் நீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் துணி இல்லை. பயிற்றுநர்களுக்குத் திறந்த கடலில் ஒரு குழுவை அழைத்துப்போகிற அளவு தகுதி இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு கடிதம். அதற்கு முந்தைய ஆண்டு அதே மையத்தில் வேலை பார்த்த 2 பயிற்றுநர்கள், பாதுகாப்பு ஏற்பாடுகள் சரியில்லை என்று சொல்லி வேலையை விட்டிருந்தார்கள். போகும்போது நிர்வாக இயக்குநருக்கே எழுதியும் வைத்தார்கள்: இப்படியே போனால், ஒரு பெற்றோரிடம் உங்கள் பிள்ளை ஏன் வீடு திரும்பவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டிய நாள் வரும் என்ற பொருளில்.

காற்றையும் அலையையும் விட்டுவிட்டு அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. விளையாட்டு, பொழுதுபோக்கு இடங்களின் பாதுகாப்புச் சட்டம் முழுவதும் அந்தக் கடிதத்தைச் சுற்றியே சுழல்கிறது என்று எனக்குத் தோன்றும். தொழிற்சாலையில் ஆபத்து என்பது வேலையோடு ஒட்டிக்கொண்டு வரும் வேண்டாத சரக்கு. சாகச மையத்திலும் ரோலர் கோஸ்டரிலும் குத்துச்சண்டை மேடையிலும் விற்கப்படும் சரக்கே அதுதான். பயமே இல்லாத மலையேற்றத்துக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? அதனால் 'இங்கே ஏன் ஆபத்து இருந்தது' என்று கேட்பதில் அர்த்தமில்லை. யாருக்குத் தெரிந்திருந்தது, யார் கையில் அதைச் சரிசெய்யும் அதிகாரம் இருந்தது, அவர் என்ன செய்தார் என்றுதான் பிரிட்டிஷ் சட்டம் கேட்கிறது.

நாம் இந்த இடங்களுக்கு வாடிக்கையாளராகவே போவதால், இவை வேலைத்தலங்கள் என்பதே மறந்துபோகிறது. லண்டனில் சனிக்கிழமை காலை பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனைத் தள்ளிக்கொண்டிருக்கும் நம் ஊர்ப் பெற்றோருக்கு அது விடுமுறை நாள். எதிரே உயர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் 18 வயதுப் பையனுக்கு அது ஷிஃப்ட்.

அந்த ஷிஃப்டை ஆளும் அடிப்படைச் சட்டம் 1974ஆம் ஆண்டின் 'ஹெல்த் அண்ட் சேஃப்டி அட் வொர்க்' சட்டம். அதுவரை பிரிட்டனில் சுரங்கத்துக்கு ஒரு சட்டம், தொழிற்சாலைக்கு ஒரு சட்டம், அலுவலகத்துக்கும் கடைக்கும் ஒரு சட்டம் என்று துண்டு துண்டாகக் கிடந்தது. எந்தத் துண்டிலும் சேராத வேலைகளில் இருந்தவர்கள் பல லட்சம் பேர். இதை ஆராய்ந்த குழுவின் தலைவர் ராபன்ஸ் பிரபு. 1972இல் அறிக்கை கொடுத்தார். இங்கே ஒரு கசப்பான முரண் உண்டு. 1966இல் வேல்ஸின் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவுக் குன்று சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்து, 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்தார்களே, அப்போது தேசிய நிலக்கரி வாரியத்தின் தலைவராக இருந்து கடுமையாக விமர்சிக்கப்பட்டவரும் இதே ராபன்ஸ்தான். ஆனாலும் அவர் குழு முன்வைத்த யோசனை நல்ல யோசனை: இடத்தைப் பார்க்காதே, எங்கே யார் வேலை செய்தாலும் ஒரே கடமை.

சட்டத்தின் 2ஆம் பிரிவு, முதலாளி தன் ஊழியர்களைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. அது எதிர்பார்க்கக்கூடியதுதான். நம் விஷயத்துக்கு உயிர்நாடி 3ஆம் பிரிவு. உன் தொழிலால் பாதிக்கப்படக்கூடிய, உன் ஊழியர் அல்லாத எவரையும் நீ ஆபத்துக்கு உள்ளாக்கக் கூடாது. குளத்தில் நீந்துபவர், கேலரியில் நிற்கும் ரசிகர், பிள்ளையை அழைத்துப்போக வந்த தாத்தா, எல்லோரும் இதற்குள் அடக்கம். வாசலைத் தாண்டி உள்ளே வராதவர்கூட அடக்கம். இதற்கு ஒரு கொடுமையான எடுத்துக்காட்டு 2002 ஆகஸ்டில் பாரோ-இன்-ஃபர்னஸ் என்ற ஊரில் நடந்தது. நகர கவுன்சில் நடத்திய 'ஃபோரம் 28' கலை, பொழுதுபோக்கு மையத்தின் ஏர்கண்டிஷன் அமைப்பில் லெஜியோனெல்லா கிருமி பெருகியிருந்தது. பக்கத்துச் சந்து வழியாகக் கடைத்தெருவுக்குப் போனவர்கள்மேல் அந்த நீராவி படிந்தது. 170க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. 7 பேர் இறந்தார்கள். கவுன்சில்மேல் கொலைக்கு நிகரான குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனால் 1974 சட்டத்தின் கீழ் 1,25,000 பவுண்ட் அபராதம் விழுந்தது. அந்த அமைப்புக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரிக்குத் தனியாக 15,000 பவுண்ட். தண்ணீரில் மருந்து போட்டுப் பராமரிக்கும் ஒப்பந்தத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளாததுதான் இத்தனைக்கும் மூலம்.

சரி, கடமை எவ்வளவு தூரம்? சட்டம் பயன்படுத்தும் அளவுகோல் 'நியாயமாகச் செய்யக்கூடிய அளவுக்கு' என்பது. கேட்க வழவழவென்று இருக்கும். வக்கீல்களுக்குத் தீனி என்று நினைப்போம். ஆனால் இதற்கு 1949இலேயே, ஒரு சுரங்கத் தொழிலாளியின் மரண வழக்கில், நீதிமன்றம் திட்டமான பொருள் சொல்லிவிட்டது. தராசின் ஒரு தட்டில் ஆபத்தை வை. இன்னொரு தட்டில் அதைத் தவிர்க்க ஆகும் பணம், நேரம், சிரமம் எல்லாவற்றையும் வை. இரண்டாவது தட்டு ரொம்பவும் அநியாயமாகத் தாழ்ந்தால்தான் 'செய்யவில்லை' என்பதற்கு மன்னிப்பு. இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் செய்துதான் ஆக வேண்டும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்தத் தராசைப் பிடித்துக் காட்ட வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவரின் வேலை. இதற்கு மேல் நியாயமாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்பதை அவரே நிரூபிக்க வேண்டும் என்று 40ஆம் பிரிவு சொல்கிறது. குற்றவியல் சட்டத்தில் இப்படி வருவது அபூர்வம்.

தராசைக் கையில் எடுப்பதற்குப் பெயர்தான் ரிஸ்க் அசெஸ்மென்ட். 1999 விதிகளின்படி ஒவ்வொரு முதலாளியும் செய்ய வேண்டும். 5 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் எழுதியும் வைக்க வேண்டும். நடைமுறையில் இது எப்படிச் சீரழிகிறது என்று அந்தத் துறையில் இருப்பவர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எங்கிருந்தோ ஒரு படிவத்தை நகலெடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, ஃபைலில் போட்டுவிடுவது. லைம் ரீஜிஸில் காகிதம் இல்லாததல்ல பிரச்சினை. அன்றைய காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, இன்று வேண்டாம் என்று சொல்லும் அறிவும் அதிகாரமும் கொண்ட ஒருவர் அங்கே இல்லை.

நீச்சல் குளத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். குளத்தில் லைஃப்கார்ட் கட்டாயம் என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் பிரிட்டனில் கிடையாது. பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். இருப்பதெல்லாம் பொதுக் கடமையும், அதை எப்படி நிறைவேற்றலாம் என்று ஹெச்.எஸ்.இ. என்னும் அரசு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டி நூலும்தான். குளத்தின் நீளம், ஆழம், வடிவம், எத்தனை பேர், என்ன வயது, சறுக்கு உண்டா, அலை எழுப்பும் கருவி உண்டா என்று பார்த்து, எத்தனை பேரை எங்கே உட்கார வைப்பது என்று நடத்துபவரே முடிவெடுக்க வேண்டும். சாதாரண நாளில் குளம் எப்படி ஓட வேண்டும் என்று ஒரு பகுதியும், அவசரத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பகுதியுமாக எழுதி வைத்து, ஊழியர்களை அதில் பழக்க வேண்டும்.

லைஃப்கார்ட் பயிற்சியில் '10, 20' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். தனக்கு ஒதுக்கிய பகுதி முழுவதையும் 10 நொடிக்குள் ஒருமுறை கண்ணால் துழாவிவிட வேண்டும். ஆபத்தில் இருப்பவரை 20 நொடிக்குள் எட்டிவிட வேண்டும். நீரில் மூழ்குபவர் சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கத்துவதில்லை. பெரும்பாலும் சத்தமே இல்லாமல் அடியில் போய்விடுவார். மாலை வெயில் ஜன்னல் வழியாக நீர்ப்பரப்பில் விழுந்து மினுங்கினால், குளத்தின் அடி தெரியவே தெரியாது. நாற்காலியை அரை மீட்டர் நகர்த்துவதா, ஜன்னலுக்குத் திரை போடுவதா, அந்த நேரத்தில் கூடுதலாக ஒருவரை நிறுத்துவதா? ரிஸ்க் அசெஸ்மென்ட் என்ற பெரிய வார்த்தைக்குள் இருப்பது இந்த மாதிரிச் சின்னக் கேள்விகள்தான். அந்த நாற்காலியில் ஒருவரை எவ்வளவு நேரம் இடைவெளியில்லாமல் உட்கார வைக்கலாம் என்பதும் அதில் ஒன்று. கண் திறந்திருக்கும், மனம் எங்கோ போயிருக்கும்.

குளத்தின் இன்னொரு முகம் பின்னறையில் இருக்கிறது. அங்கே ஒரு தொட்டியில் சோடியம் ஹைப்போகுளோரைட், இன்னொன்றில் அமிலம். இரண்டும் குளத்து நீருக்கு வேண்டியவை. நேரடியாகக் கலந்துவிட்டால் வெளிவருவது குளோரின் வாயு, முதல் உலகப் போரில் விஷப் புகையாகப் பயன்பட்ட அதே வாயு. லாரியில் வந்த அமிலத்தைத் தவறான குழாயில் மாட்டிவிடும் ஒரு கணத் தவறு போதும், கட்டடத்தையே காலி செய்ய வேண்டிவரும். இரண்டு குழாய்களுக்கும் ஒன்றில் மற்றொன்று பொருந்தாத வாய் வைப்பது, பெயரைப் பெரிதாக எழுதிவைப்பது, சரக்கு இறங்கும்போது பயிற்சி பெற்றவர் ஒருவர் கூடவே நிற்பது என்று இதற்கான வழிகள் எளிமையானவை. உடல்நலத்துக்குக் கேடான பொருள்கள் பற்றிய 2002 விதிகள் இவற்றைக் கேட்கின்றன. குளத்துப் பக்கம் போனாலே மூக்கில் ஏறுமே ஒரு வாடை, அதைச் சுத்தத்தின் அடையாளம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன். நமக்கு ஒரு மணி நேரத் தொந்தரவு. நாள் முழுக்க அங்கே நிற்கும் நீச்சல் ஆசிரியருக்கு அது நுரையீரல் பிரச்சினையாகலாம். 2ஆம் பிரிவு அவருக்கானது.

ஊழியருக்கும் கடமை உண்டு. தன்னையும் தன் செயலால் பாதிக்கப்படக்கூடியவரையும் பற்றி நியாயமான அக்கறை காட்ட வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. முதலாளியோடு ஒத்துழைக்கவும் வேண்டும். பாதுகாப்புக்காக வைத்த பொருளை விளையாட்டாகக்கூடக் கெடுக்கக் கூடாது என்கிறது 8ஆம் பிரிவு. அது பொதுமக்களுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது. பதிலுக்கு 9ஆம் பிரிவு, சட்டம் கேட்கும் பாதுகாப்புச் சாதனங்களுக்கு ஊழியரிடம் காசு வாங்காதே என்கிறது. கோடை முகாமுக்கு வேலைக்கு வரும் இளைஞர்களிடம் ஹெல்மெட்டுக்குச் சம்பளத்தில் பிடிப்பது சட்டப்படி முடியாது.

7ஆம் பிரிவு கீழ்மட்ட ஊழியரைக் குறிவைக்கும் பிரிவு என்று தோன்றும். ஆனால் பிரிட்டிஷ் விளையாட்டின் மிகப் பெரிய பேரழிவில் அது பயன்பட்டது மேலே இருந்த ஒருவர்மேல். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் இறந்தார்கள். லெப்பிங்ஸ் லேன் பக்கம் நின்று பார்க்க டிக்கெட் வாங்கிய 10,100 பேருக்கு ஒதுக்கியிருந்த சுழல்கதவுகள் வெறும் 7. வெளியே கூட்டம் நெருக்க, போலீஸ் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட, உள்ளே ஏற்கனவே நிரம்பியிருந்த அடைப்புகளுக்குள் ஜனம் பாய்ந்தது. முப்பது வருடம் வழக்குகள் நடந்தன. 2019இல் அந்த மைதானத்துக் கழகத்தின் அன்றைய செயலாளர், பாதுகாப்பு அதிகாரியும் அவரே, சுழல்கதவு ஏற்பாட்டில் அக்கறை காட்டவில்லை என்று இந்த 7ஆம் பிரிவின் கீழ் குற்றவாளி ஆனார். அபராதம் 6,500 பவுண்ட். 97 உயிர்களுக்கு இந்தத் தொகையா என்று குடும்பங்கள் கொதித்ததில் வியப்பில்லை.

கூட்டம் கூடும் மைதானங்களுக்குத் தனிச் சட்டங்களும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு பேரழிவுக்குப் பின் வந்தது. 1971இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்த பிறகு 1975 சட்டம். 1985இல் பிராட்ஃபோர்ட் மைதானத்தின் மரக் கேலரி எரிந்து 56 பேர் இறந்த பிறகு 1987 சட்டம். பிராட்ஃபோர்டில் பலகைகளுக்குக் கீழே பல வருடக் குப்பை சேர்ந்து கிடந்தது. அதைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்து எழுதியும் இருந்தார்கள். மறுபடியும் ஒரு கடிதம்.

ஆல்டன் டவர்ஸ் கேளிக்கைப் பூங்காவின் கதை வேறு மாதிரி. அங்கே கடிதம் எதுவும் இல்லை, காகிதமே இல்லாததுதான் கதை. 'ஸ்மைலர்' என்ற ரோலர் கோஸ்டர் 14 முறை தலைகீழாகச் சுற்றும், அதில் உலக சாதனை. 2015 ஜூன் 2 அன்று ஒரு கோளாறைச் சரிபார்க்கப் பொறியாளர்கள் காலிப் பெட்டி ஒன்றைச் சோதனையாக ஓட்டினார்கள். காற்று பலமாக இருந்த அன்று அது பாதி வழியில் நின்றுவிட்டது. அடுத்து 16 பேரோடு கிளம்பிய பெட்டியை, முன்னால் தடை இருக்கிறது என்று கணினி நிறுத்தியது. அதாவது கணினி சரியாகவே வேலை செய்தது. ஓடுபாதையில் மொத்தம் எத்தனை பெட்டிகள் இருக்கின்றன என்பதில் மனிதர்களுக்குத்தான் குழப்பம். கூடுதலாக ஒன்று சேர்க்கப்பட்டது அவர்கள் கணக்கில் வரவில்லை. எல்லாம் வந்துவிட்டது, கணினிதான் தவறாகச் சொல்கிறது என்று நினைத்து அதன் தடையை மீறிப் பெட்டியை அனுப்பினார்கள். அது நின்றிருந்த பெட்டியில் போய் மோதியது. 2 இளம்பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். சாய்ந்த நிலையில் உயரத்தில் சிக்கியவர்களை இறக்க 4 மணி நேரத்துக்கு மேல் ஆனது.

நிறுவனம் முதலில் 'மனிதத் தவறு' என்றது. உண்மைதானே என்று தோன்றும், பொத்தானை அழுத்தியது மனிதர்கள்தான். ஆனால் நீதிமன்றம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கணினியின் தடையை எப்போது மீறலாம், யார் அனுமதிக்க வேண்டும், மீறுவதற்கு முன் எதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பொறியாளர்களுக்கு எழுத்தில் தெளிவான வழிமுறை எதுவும் கொடுக்கப்படவில்லை. பெட்டி ஓடக் கூடாத காற்று வேகம் என்ன என்பதும் அவர்கள் கையில் இல்லை. குற்றம் பொத்தானை அழுத்திய விரலுடையதல்ல, அந்த விரலை அங்கே தனியாக விட்ட ஏற்பாட்டுடையது என்றானது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2016 செப்டம்பரில் அபராதம் 50 லட்சம் பவுண்ட். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் நிறுவனத்தின் வருமானத்துக்கு ஏற்ப அபராதம் விதிக்கும் புதிய தண்டனை வழிகாட்டி நடைமுறைக்கு வந்திருந்தது.

வேலையில் இருப்பவர்களை முன்னால் தள்ளிவிட்டு மேலே இருப்பவர் ஒதுங்கும் பழக்கத்துக்குச் சட்டம் இன்னொரு வழியிலும் முட்டுக்கட்டை போடுகிறது. நிறுவனத்தின் குற்றம் ஓர் இயக்குநரின் சம்மதத்தோடோ, கண்டும் காணாமல் விட்டதாலோ, அலட்சியத்தாலோ நடந்திருந்தால் அவரும் தனிப்பட்ட முறையில் குற்றவாளி என்கிறது 37ஆம் பிரிவு. செஸ்டர் நகரில் ஒரு டிராம்போலின் பூங்கா. உயரமான மேடையிலிருந்து பஞ்சுக் குழிக்குள் குதிக்கும் விளையாட்டு. 2016 டிசம்பரில் திறந்த சில வாரங்களுக்குள் 11 பேருக்கு முதுகெலும்பு முறிந்தது. ஒருவர் இருவர் என்றால் தற்செயல் எனலாம். மூன்றாவது ஆளுக்கு முதுகு முறிந்தபோதே அந்த மேடையை ஏன் மூடவில்லை? உள்ளூர் கவுன்சில் வழக்குத் தொடுத்தது, இயக்குநர்கள் தங்கள் பெயரிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார்கள். தனியார் ஜிம், பந்துருட்டு அரங்கம், டிராம்போலின் பூங்கா போன்றவை பெரும்பாலும் கவுன்சில் இன்ஸ்பெக்டர்களின் பொறுப்பு. கேளிக்கைச் சவாரிகளும், கவுன்சில் தானே நடத்தும் இடங்களும் ஹெச்.எஸ்.இ.யின் பொறுப்பு. தன்னைத்தானே சோதித்துக்கொள்ள யாரையும் விட முடியாதில்லையா. இருவருக்குமே சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழையவும், அந்த நிமிடமே ஒரு சவாரியை நிறுத்தவும் அதிகாரம் உண்டு.

இப்படிப்பட்ட இடங்களில் நுழையும்போது ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 'என்ன நடந்தாலும் நானே பொறுப்பு' என்கிற ரீதியில் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி கேட்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. தன் அலட்சியத்தால் நேரும் மரணத்துக்கோ காயத்துக்கோ பொறுப்பில்லை என்று ஒரு வணிக நிறுவனம் ஒப்பந்தம் எழுதிக்கொள்ள முடியாது. 1977லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது, வாடிக்கையாளர்களைப் பொறுத்தவரை 2015 சட்டம் அதையே மீண்டும் சொல்கிறது. அந்தப் படிவத்தால் ஒரு பயன் உண்டு. இதில் என்ன ஆபத்து என்று சொன்னோம், அவரும் படித்தார் என்பதற்குச் சாட்சி. அவ்வளவுதான்.

இதெல்லாம் படித்தால், சறுக்கி விழுந்தால்கூட யாரோ ஜெயிலுக்குப் போக வேண்டுமா என்று தோன்றலாம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. கால்பந்து ஆட்டத்தில் பந்துக்காகப் போட்டியிட்டு ஒருவர் கால் முறிந்தால் அது ஆட்டத்தின் பகுதி, அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய விபத்துப் பட்டியலில்கூட வராது. அதே கால், மைதானத்தில் மூடாமல் விட்ட குழியில் மாட்டி முறிந்து, ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் தெரிவித்தே ஆக வேண்டும். குத்துச்சண்டையிலும் இதே கோடுதான். 1991இல் கிறிஸ் யூபாங்கோடு மோதிய மைக்கேல் வாட்சன் மூளையில் ரத்தம் கட்டி விழுந்தார். பின்னாளில் அவர் பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியத்தின்மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். அடிபட்டதற்காக அல்ல, அடி வாங்கத்தான் மேடையேறினார். விழுந்தவருக்கு மேடையருகிலேயே உடனடி உயிர்காப்புச் சிகிச்சை கொடுக்க வாரியத்தின் விதிகளில் ஏற்பாடு இல்லை என்பதற்காக.

எதிர்த்திசையில் போன வழக்கும் ஒன்று உண்டு. செஷயர் பகுதியில் பொதுப் பூங்கா ஒன்றின் ஏரி. 'ஆபத்தான நீர், நீந்தக் கூடாது' என்று பலகை வைத்திருந்தார்கள். 1995இல் 18 வயது இளைஞர் ஒருவர் முழங்கால் ஆழ நீரில் நின்றபடி தலைகுப்புறப் பாய்ந்து கழுத்தெலும்பை முறித்துக்கொண்டார். ஏரிக்கரை மணலையெல்லாம் மூடி யாரும் இறங்காதபடி செய்திருக்க வேண்டும் என்பது அவர் தரப்பு வாதம். 2003இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. ஒருவர் தெரிந்தே செய்யும் அசட்டுத்தனத்துக்காக, கரையில் குழந்தைகளோடு உட்கார்ந்து பொழுதைக் கழிக்கும் நூற்றுக்கணக்கானவர்களின் மணலைப் பறிக்க முடியாது என்றது. எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கும். 'ஹெல்த் அண்ட் சேஃப்டி' என்ற பெயரைச் சொல்லிப் பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டப்பந்தயத்தைக்கூட நிறுத்துபவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம். கண்ணுக்குத் தெரியும் ஆபத்தைத் தானே தேர்ந்தெடுப்பவர் வேறு. காசு கொடுத்து, தெரிந்தவர் கையில் தன்னை ஒப்படைப்பவர் வேறு.

லைம் ரீஜிஸ் மாணவர்கள் இரண்டாவது வகை. 1994 டிசம்பரில் வின்செஸ்டர் நீதிமன்றம் அந்த மையத்தை நடத்திய ஓ.எல்.எல். நிறுவனத்துக்கு 60,000 பவுண்ட் அபராதமும், நிர்வாக இயக்குநருக்கு 3 ஆண்டுச் சிறையும் விதித்தது. மேல்முறையீட்டில் சிறை 2 ஆண்டாகக் குறைந்தது. மரணம் விளைவித்த குற்றத்துக்காக ஒரு நிறுவனம் தண்டிக்கப்பட்டது இங்கிலாந்துச் சட்ட வரலாற்றில் அதுவே முதல்முறை. 1987இல் 193 பேர் இறந்த 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' கப்பல் விபத்தில்கூட நிறுவனத்தின்மேலான வழக்கு தோற்றிருந்தது. பெரிய நிறுவனத்தில் குற்றம் பல கைகளில் சிதறிக் கிடக்கும், 'நிறுவனத்தின் மூளை' என்று ஒருவரைச் சுட்ட முடியாது. ஓ.எல்.எல். சின்ன நிறுவனம். மூளை ஒன்றே ஒன்று, அந்தக் கடிதம் வந்து சேர்ந்ததும் அதன் மேஜைக்குத்தான். பெரிய நிறுவனங்களையும் பிடிக்க வழிசெய்யும் தனிச் சட்டம் வர 2007 ஆயிற்று.

விபத்துக்குப் பிறகு பிளிமத் தொகுதி எம்.பி. டேவிட் ஜேமிசன் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1995இல் சட்டமானது. பாறையேற்றம், குகைப் பயணம், மலைநடை, நீர் விளையாட்டு, இந்த நான்கையும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு நடத்துபவர்கள் உரிமம் எடுக்க வேண்டும், உரிமத்துக்கு முன் நேரில் வந்து சோதிப்பார்கள். பள்ளிகள் தம் சொந்த மாணவர்களுக்குத் தாமே நடத்தினாலும், தன்னார்வச் சங்கங்கள் தம் உறுப்பினர்களுக்கு நடத்தினாலும் உரிமம் தேவையில்லை. 2010இல் யங் பிரபு அரசுக்குக் கொடுத்த அறிக்கை, இந்த உரிம முறையே வேண்டாம், எடுத்துவிடலாம் என்றது. எடுக்கவில்லை. ஆனால் 18 என்ற கோடு அப்படியே நின்றது.

2021 அக்டோபர் 30 அன்று வேல்ஸின் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் ஊரில் ஒன்பது பேர் துடுப்புப் பலகைகளில் நின்றபடி கிளெடாவ் ஆற்றில் இறங்கினார்கள். காசு கொடுத்து வந்தவர்கள் 7 பேர், அழைத்துப்போனவர்கள் 2 பேர். எல்லோரும் பெரியவர்கள், ஆகவே உரிமம் தேவைப்படவில்லை. மழையில் ஆறு பெருகி ஓடியது. வழியில் ஓர் அணை குறுக்கே இருந்தது. அதைப் பற்றி வந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை, ஏதாவது ஆனால் யாருக்குத் தகவல் சொல்வது என்ற விவரம்கூட வாங்கி வைக்கப்படவில்லை. அழைத்துப்போன நிறுவனத்தின் உரிமையாளரிடம் இருந்தது ஆரம்பநிலைத் தகுதி மட்டும். அணையைத் தாண்டி இழுத்துச் செல்லப்பட்டவர்களில் 4 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் அழைத்துப்போன இருவரில் ஒருவர். உரிமையாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2025 ஏப்ரலில் அவருக்குப் பத்தரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. குற்றச்சாட்டுகளில் ஐந்தாவதாக இருந்தது 1974 சட்டத்தின் கீழானது.